புத்தகம் படித்தால் தண்டனை குறையும்!

தென் அமெரிக்காவில் உள்ள பெரிய நாடு பிரேசில். அங்கே கைதி ஒரு புத்தகம் படித்தால், தண்டனையில் 4 நாள் குறையும். மத்திய அரசின் சிறைகளில் 2012-ல் இந்தத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 12 புத்தகம். 48 நாள் லாபம்!

சும்மா பக்கத்தைப் புரட்டினால் போதாது. படித்ததைப் பற்றித் தானே எழுதிக்கொடுக்க வேண்டும். அதைப் பார்வையிடக் குழு உண்டு.

எழுத்தறியாத கைதி என்ன செய்வான்? அவன் பாடம் படிக்கலாம். 12 மணி நேரப் படிப்புக்கு 1 நாள் குறையும். இது 2011-ல் வந்த சட்டம். உழைப்புக்கும் சலுகை உண்டு. 3 நாள் வேலை செய்தால் 1 நாள் குறையும். இது 1984-ம் ஆண்டுச் சட்டம்.

ஒழுங்கு தவறினால்? பெரிய தவறு செய்தவன், சேர்த்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்க நேரிடும்.

"குற்றவாளிக்குச் சலுகையா?" என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பிரேசிலில் ஆயுள் முழுவதும் சிறை என்ற தண்டனை கிடையாது. கைதி என்றாவது ஒருநாள் வெளியே வருவான். நாலு பேர் வாழும் தெருவுக்குத்தான் வருவான். அப்போது அவனிடம் கல்வியும் தொழிலும் இருப்பது நல்லதா? கோபம் மட்டும் இருப்பது நல்லதா?