நிக்கோர் லென்ஸுகள்: நடுவில் கைவிடப்பட்டவை

நிக்கான் நிறுவனத்தின் பழைய லென்ஸ் வரிசையையும் இன்றைய வரிசையையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் இரு கட்சிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார் அளவீட்டு அட்டவணைகளைக் காட்டிப் புதியதே உயர்ந்தது என்பர். மறு சாரார் பழைய கண்ணாடியில் 'உயிர்' இருந்தது என்பர். உண்மையான இழப்பு இவ்விரு வாதங்களுக்கும் வெளியே இருக்கிறது என்பது நமது எண்ணம்.

முதல் வாதத்தில் மறுப்பதற்கு அதிகமில்லை. 1959இல் வந்த எஃப் மவுண்டின் உள்விட்டம் 44 மி.மீ.; 2018இல் வந்த இஸட் மவுண்டில் அது 55 மி.மீ. மவுண்டிலிருந்து உணரிக்கு உள்ள தொலைவோ 46.5 மி.மீ.யிலிருந்து 16 ஆகக் குறைந்துவிட்டது. வாய் அகன்று, தொலைவு சுருங்கியதால் வடிவமைப்பாளருக்குக் கிடைத்த சுதந்திரம் பெரிது. பழைய 50 மி.மீ. எஃப்/1.8 ஏஎஃப்-டி லென்ஸில் 6 கண்ணாடிகள், எடை 155 கிராம். அதன் இஸட் வடிவத்தில் 12 கண்ணாடிகள், 415 கிராம். முழுதாகத் திறந்து எடுத்த படத்தின் மூலைகளைப் பார்த்தால் அந்தக் கூடுதல் எடை எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும்.

'உயிர்' என்ற சொல்லை நாம் சற்று ஐயத்துடனேயே பார்க்கிறோம். ஸ்டீவ் மக்கரி 1984இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் 105 மி.மீ. எஃப்/2.5 நிக்கோரில் பதிவானது. அந்தப் பார்வை அச்சிறுமியுடையது. லென்ஸ் குறுக்கே வரவில்லை, அவ்வளவே.

இழப்பு வேறு இடத்தில் நிகழ்ந்தது. 1986இல் எஃப்-501 வந்தபோது, தானியங்கிக் குவியத்துக்கான மோட்டார் கேமராவின் உடலுக்குள் இருந்தது. ஒரு சிறு திருகு லென்ஸைச் சுழற்றியது. ஏஎஃப், ஏஎஃப்-டி வரிசைகள் இந்த ஏற்பாட்டை நம்பியே செய்யப்பட்டவை. இஸட் கேமராவில் பழைய லென்ஸைப் பொருத்த நிக்கான் தரும் எஃப்டிஇஸட் இணைப்பானில் அந்த மோட்டார் இல்லை. 2021இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்திலும் இல்லை. ஆக, இந்த லென்ஸுகள் அங்கே தானாகக் குவியும் திறனை இழந்துவிடுகின்றன.

விந்தை என்னவெனில், இவற்றுக்கும் மூத்த, 1977 முதல் வந்த ஏஐ லென்ஸுகளுக்குக் குவியத்தில் எந்த நட்டமும் இல்லை. கையால் திருப்பப்பட்டவை இன்றும் கையால் திருப்பப்படுகின்றன. உருப்பெருக்கிக் காட்டும் மின்னணுக் காட்சித்துளையும் பல இஸட் உடல்களில் உள்ள அதிர்வுத்தடுப்பும் சேர்ந்து, அவற்றை முன்பைவிட எளிதாகவே கையாள வைக்கின்றன. பிறரை நம்பாத தாத்தா பிழைத்துக்கொண்டார். பாதி நம்பிய தகப்பன் பாதியை இழந்தான்.

முழுதும் நம்பியிருக்கும் பேரனைப் பற்றித்தான் நமது கவலை. இஸட் வரிசையின் தானியங்கி லென்ஸுகளில் குவிய வளையத்துக்கும் உள்ளிருக்கும் கண்ணாடிக்கும் உலோகத் தொடர்பு இல்லை. வளையம் செய்தி அனுப்புகிறது, மோட்டார் நகர்த்துகிறது. ஒளித்துளையும் மின்சாரத்தின் வழிதான். கேமரா அணைந்தால் வளையம் வெறுமனே சுற்றும். ஏஐ லென்ஸில் கிரீஸ் காய்ந்தாலோ பூஞ்சை பிடித்தாலோ கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துத் துடைத்துத் தந்துவிடுவார். மின்சுற்றுப் பலகை பழுதானால், உதிரிபாகம் கிடைக்கும் காலம்வரைதான் லென்ஸுக்கு ஆயுள்.

வேடிக்கையாக, 28 மி.மீ., 40 மி.மீ. எஸ்இ லென்ஸுகளுக்கு நிக்கான் பழைய நிக்கோரின் சட்டையைத் தைத்துப் போட்டிருக்கிறது. தோற்றம் அதேதான், ஒளித்துளை வளையம் மட்டும் இல்லை, மவுண்டும் பிளாஸ்டிக். சட்டைக்குப் பதில் அந்த வளையத்தையே தந்திருக்கலாம்.

படத்தின் தரம் மட்டுமே வேண்டுவோர் தயங்காமல் இஸட் லென்ஸை வாங்கலாம். ஏஎஃப்-டி லென்ஸுகள் கையில் இருப்போர் அவற்றை அடிவிலைக்குத் தள்ளிவிட வேண்டாம். டி700 போல மோட்டார் உள்ள பழைய உடல் ஒன்று, நல்ல நிலையில் கிடைத்தால், வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.