பக்கக் கன்றுகள்



தொட்டியத்தில் வாழ்கிற நமக்கு வாழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய்மரத்தைச் சுற்றி முளைக்கிற பக்கக் கன்றுகளை விவசாயி காலத்தோடு நீக்கிவிடுகிறார். அவை களைகள் அல்ல. அந்த வாழையின் பிள்ளைகளே. ஆயினும் அனைத்தையும் வளரவிட்டால் தாய்மரத்துக்குரிய நீரையும் எருவையும் அவை பங்கிட்டுக்கொள்ளும், தார் சிறுத்துப்போகும்.

நம்முடைய நாட்களை விழுங்குகிறவையும் பெரும்பாலும் தீய காரியங்கள் அல்ல, நல்ல காரியங்களே. இதை என் அறிக்கையாகவே எழுதுகிறேன். படுக்கையிலிருந்த முதிய தாயார் ஒருவர் என்னைக் காண விரும்பிச் சொல்லியனுப்பினார். அந்த வாரம் கமிட்டிக் கூட்டமும், கட்டடக் கணக்கும், பண்டிகை ஏற்பாடுகளும் இருந்தன. அடுத்த வாரம் வருவதாகச் சொன்னேன். அடுத்த வாரம் அவருடைய அடக்க ஆராதனையை நடத்தவே அந்த வீட்டு வாசலை மிதித்தேன். அன்று நான் செய்த வேலைகளில் ஒன்றுகூடத் தவறானதல்ல. அதுவே என்னை அதிகமாய் உறுத்துகிறது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தது. பன்னிருவரும் அந்த ஊழியத்தைத் தாங்களே சுமக்கவில்லை; அற்பமென்று தள்ளிவிடவும் இல்லை. ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழுபேரிடம் அதை ஒப்புவித்து, ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருந்தார்கள். விதவைகளும் பசியாறினார்கள், வசனமும் விருத்தியடைந்தது.

நல்ல கன்றை நம் விவசாயிகள் வீணாக்குவதில்லை. பெயர்த்தெடுத்து வேறு இடத்தில் நடுகிறார்கள். அங்கே அது தன் தாரைத் தள்ளும். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்பது பக்தி வைராக்கியம்போலத் தோன்றலாம். உண்மையில் அது பிறருடைய தாலந்தைப் புதைத்துவைப்பதாகும் என்பதே என் கருத்து.

ஆகவே கட்டடக் கணக்கையும் பண்டிகை ஏற்பாடுகளையும் உங்களில் திறமையுள்ளவர்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். அந்த மாலைவேளைகள் இனி நோயாளிகளுக்கும் முதியோருக்கும் உரியவை. போதகர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணட்டும், காத்திருக்கிற ஒருவரிடம் "அடுத்த வாரம்" என்று சொல்லும் துணிவு எனக்கு இனி இல்லை.

நீங்களும் இந்த வாரம் ஒரு பக்கக் கன்றைப் பெயர்த்தெடுங்கள். அதை யாரிடம் நடலாமென்று ஜெபத்தோடு யோசியுங்கள். மீதமாகும் நேரத்தை, உங்களுக்காக வீட்டில் காத்திருக்கிறவருக்குக் கொடுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை வழிநடத்துவாராக. ஆமென்.