வெட்கமும் வைத்தியமும்

தேகப்பயிற்சி என்றதும் நமது நினைவுக்கு வருபவை தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை ஆகியவையே. புஜத்தையும் மார்பையும் பிறர் பார்க்கலாம். ஆகவே அவற்றுக்குக் கவனிப்பு உண்டு. இடுப்பெலும்பின் அடியில் தூளி கட்டியதுபோல் விரிந்து, மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கி நிற்கும் தசைகளை யார் நினைக்கிறார்கள்?

பிரசவத்தில் இத்தசைகள் வெகுவாக இழுபட்டுத் தளர்கின்றன. பிறகு இருமினாலும், தும்மினாலும், குடத்தைத் தூக்கினாலும் சிறிது நீர் கசிந்துவிடுகிறது. இதைப் பெற்ற தாயிடங்கூடச் சொல்லாத பெண்மணிகள் அநேகர். கல்யாண வீடுகளுக்குப் போவதையும் தூரப் பிரயாணத்தையும் மெல்ல நிறுத்திவிடுவார்கள். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜந்தானே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சகஜம் என்பது மெய். பரிகாரம் இல்லை என்பது மெய்யன்று.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாக்டர் ஆர்னால்ட் கெகல், 1948-ம் வருஷத்தில் இத்தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 'இறுக்கு' என்று வாயால் சொன்னால் எந்தத் தசையை இறுக்குவது என்று பலருக்கு விளங்குவதில்லை. அதற்காக அவர் 'பெரினியோமீட்டர்' என்னும் கருவியை அமைத்தார். ரப்பர் பாகத்தை யோனிக்குள் வைத்துத் தசையை இறுக்கினால், வெளியே உள்ள முள் நகர்ந்து அழுத்தத்தைக் காட்டும். தினம் மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிஷம் என்பது அவர் விதித்த கணக்கு. அடுப்பையும் குழந்தையையும் ஒருங்கே கவனிப்பவளுக்கு அவ்வளவு அவகாசம் ஏது என்பதை அந்த டாக்டர் யோசித்ததாகத் தெரியவில்லை! 1985-ல் எடையுள்ள சிறு கூம்புகள் வந்தன. இப்போது செல்போனில் கோடு போட்டுக் காட்டும் மின்சாரக் கருவிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன.

இவை அவசியந்தானா? ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 600 ஸ்திரீகளை இரு பிரிவாக்கிச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினரும் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவுக்கு மட்டும் தசையின் இயக்கத்தைக் காட்டும் கருவியும் உண்டு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்ததில், குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. கருவி கண்ணாடி மாதிரி. முகத்தைக் காட்டும், கழுவிவிடாது. தசையைச் சற்றும் உணர முடியாதவர்களுக்கு அது உதவலாம். அதை வைத்தியரே சொல்லட்டும்.

செலவில்லாத முறை இது: சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளுக்கு இழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, முற்றிலும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, தொடையை நெருக்கலாகாது. வேளைக்கு 8 தடவையாவது, தினம் மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பழகுவது தவறு. பிராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்கும் இப்பயிற்சியை விதிக்கிறார்கள். ஆகையால் வீட்டு எஜமானர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

வலி, நீரில் ரத்தம், ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்ச்சி இருந்தால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். சிலருக்குத் தசை தளராமல் அளவுக்கு மேல் இறுகியிருப்பதும் உண்டு. அவர்களுக்கு இப்பயிற்சி உபத்திரவமே. டாக்டரிடம் போகும்போது துணைக்கு வந்த மாமியாரைச் சற்று வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லலாம். அப்போதுதான் முழங்கால் வலியை விட்டு விஷயத்துக்கு வர முடியும்.