வாயிலும் வாக்கும்

மதுரையில் மேலவாசல், கீழவாசல், தெற்குவாசல் என்னும் பெயர்கள் நாள்தோறும் பல்லாயிரவர் நாவில் ஒலிக்கின்றன. ஆனால், வாசல் எங்கே என்று தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பிய கோட்டை 72 கொத்தளங்களைக் கொண்டிருந்தது. கொத்தளம் ஒவ்வொன்றையும் ஒரு பாளையம் காத்தது என்பர். அதற்கும் முன்னர், பாண்டியர் மதுரையின் மதில்வாயிலை யவனர் காத்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

அக்கோட்டையை இறுதியில் வீழ்த்தியது பகைவர் படையன்று, நகரின் நெருக்கடியே. 1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்நிலத்தில் புதிய வீதிகள் உருவாயின. அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களை இரு வீதிகள் இன்றும் தாங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக நிறுவப்பெற்ற விளக்குத்தூணும் நிற்கிறது. இடித்தவர்க்கு நினைவுச்சின்னம் உண்டு. இடிக்கப்பட்ட வாயில்களுக்கோ பெரும்பாலும் பெயரே எஞ்சியது.

காற்றும் இடமும் வேண்டிய நகரம் மதிலைக் களைந்ததைக் குறைகூற இயலாது. ஆயினும், முற்றும் காத்தல், முற்றும் அழித்தல் என்னும் இரண்டு வழிகள் மட்டுமா உள்ளன?

ஜெர்மனியின் லூபெக் நகரில் ஹோல்ஸ்டன் வாயில் 1464 முதல் 1478 வரை கட்டப்பட்டது. அதன் இரட்டைக் கோபுரங்கள் இளகிய நிலத்தில் தம் பாரத்தாலேயே அமிழ்ந்து சாய்ந்தன. தொடர்வண்டிப் பாதை வந்தபோது, அதன் முன்னிருந்த புறவாயில் 1853இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய வாயிலையும் இடிப்பதா என்னும் வினா எழுந்தது. 1863இல் நகர மன்றத்தார் வாக்களித்தனர். ஒரே ஒரு வாக்கு மிகுதியால் அது பிழைத்தது. இன்று அது அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

தொலைவுக்குச் செல்லவும் வேண்டா. தரங்கம்பாடியில் டேனியர் 1792இல் கட்டிய நகரவாயிலின் ஊடாகவே கடற்கரைக்குச் சாலை செல்கிறது. பழமை போக்குவரத்தைத் தடுக்கவில்லை. போக்குவரத்தும் பழமையை அழிக்கவில்லை.

மதுரை மதில் இடிக்கப்பட்ட காலத்தில், அதனை வாக்களித்து முடிவுசெய்யும் உரிமை நகரத்தார்க்கு இல்லை. இன்று ஒவ்வோர் ஊருக்கும் மன்றம் உண்டு. ஊராருக்கு வாக்கும் உண்டு. சாலையை அகலப்படுத்துகையில் ஒரு மண்டபமோ படிக்கிணறோ குறுக்கிடுமாயின், அதனை நீக்குவதற்கு முன் விலகிச் செல்ல வழியுண்டா என ஆராய்தல் கடமையாகும். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராக இருக்கும் இளையோர், ஒரு வாக்கு ஒரு வாயிலைக் காத்த வரலாற்றை நெஞ்சில் இருத்துதல் நன்று.