சிறிய எழுத்தில் அச்சாகும் பெயர்கள்

2025 ஜனவரியில் பதினேழு வயதான லூக் லிட்லர் உலக டார்ட்ஸ் சம்பியனானபோது உலகெங்கும் ஊடகங்கள் அவரைக் கொண்டாடின. அடுத்த ஆண்டுப் போட்டியில் வெற்றியாளருக்கான பரிசு பத்து இலட்சம் பவுணாக உயர்ந்தது. ஆங்கிலேயத் தொழிலாளரின் மதுச்சாலை விளையாட்டொன்று இந்த உயரத்தை எட்டியதில் எனக்கு வருத்தமேதுமில்லை. ஆனால் அந்த நாள்களில் நான் வாசித்த கட்டுரைகள் எதிலும், அவ்விளையாட்டை இவ்வளவு காலமும் உயிரோடு வைத்திருந்த ஒரு வகை மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். சம்பளமில்லாத லீக் செயலாளர்கள்.

இங்கிலாந்தின் 'பப்' என்பதை நம்மூர்த் தவறணையோடு ஒப்பிடுவது அவ்வளவு பொருந்தாது. அது பாதி மதுச்சாலை, பாதி சனசமூக நிலையம். திங்கள், செவ்வாய் போன்ற வியாபாரம் மந்தமான இரவுகளில் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். அந்த இரவுகளை நிரப்புவதற்குப் பப் உரிமையாளர்கள் கண்டுகொண்ட நல்ல வழிகளில் ஒன்று டார்ட்ஸ் லீக். பத்துப் பன்னிரண்டு பப்கள் சேர்ந்து, செப்ரெம்பரிலிருந்து வசந்தகாலம் வரை, ஒரு வாரம் சொந்த இடத்திலும் மறுவாரம் எதிரணியின் இடத்திலுமாக ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் விருந்தாளி அணிக்குச் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைப்பது வழக்கம். இந்த உபசாரத்தில் குறைவைத்த பப்பைப் பற்றிய முறைப்பாடு, தோல்வியைப் பற்றிய முறைப்பாட்டிலும் நீண்டகாலம் நிலைக்கும்.

2014 மாரியில் வட இங்கிலாந்தின் சிறு நகரொன்றில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அயல்வீட்டு முதியவர் ஒருவர் அத்தகைய லீக் ஒன்றின் செயலாளராக இருந்தார். ஓய்வுபெற்ற தபால் ஊழியர். அவருடன் மூன்று செவ்வாய்க்கிழமைகள் சென்றேன். பலகையின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 1.73 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். எறிபவர் நிற்கும் கோடு 2.37 மீற்றர் தொலைவில். புதிய பப் எதற்குப் போனாலும் அவர் முதலில் வெளியே எடுப்பது அளவுநாடாவைத்தான். 501 இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை ஓர் 'இரட்டை' வளையத்துள் எறிந்து சரியாகப் பூச்சியத்தில் முடிக்க வேண்டும். பலகையருகே நின்று கணக்கெழுதுபவர், எஞ்சிய எண் எவ்வளவென்று கேட்டால் சொல்லலாம். எந்த இரட்டையைக் குறிவைக்க வேண்டுமென்று சொல்லக் கூடாது. பாடசாலையை இடைநடுவில் விட்ட மனிதர்கள் 137 இலிருந்து 85 ஐ மனத்தாலே கழித்துவிட்டு அடுத்த அம்புக்குக் காத்திருப்பதைப் பார்த்தபோது, கணிதத்தில் நான் பட்ட பாடுகள் நினைவுக்கு வந்தன.

செயலாளரின் வேலை எண்களோடு முடிவதில்லை. ஆட்ட அட்டவணை வகுத்தல், பதிவுக்கட்டணம் திரட்டல், அணித்தலைவர்கள் ஒப்பமிட்ட தாள்களைச் சேகரித்தல், தாள் பிந்தினால் தண்டம் விதித்தல், பனி பொழிந்தாலோ மரணவீடு நேர்ந்தாலோ ஆட்டத்தை ஒத்திவைத்தல், பதிவுசெய்யாத கெட்டிக்காரனைக் கள்ளமாக இறக்கிய அணியை விசாரித்தல்... எல்லாம் அவர் தலையில்.

நான் சென்ற மாதத்திலே ஒரு சிக்கல் எழுந்தது. பப் ஒன்று கைமாறி, புதிய உரிமையாளர் பலகையைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் உணவு மேசைகளைப் போட்டார். அணி பருவத்தின் நடுவிலே விலகியது. அதுவரை அவ்வணியை வென்றவர்கள் பெற்ற புள்ளிகளை என்ன செய்வது? வைத்துக்கொண்டால், இன்னும் ஆடாத அணிகளுக்கு அநீதி. ஆடாதவர்களுக்கும் புள்ளி கொடுத்தால் அது வெற்றியன்று, தானம். எல்லா முடிவுகளையும் அழிப்பதே நேர்மையானதென்று அவர் தீர்மானித்தார். அதனால் முதலிடத்தை இழந்தது அவருடைய சொந்த அணி. நண்பர்கள் இரண்டு வாரம் அவருடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய முடிவு சரியென்றே நான் இன்றும் நினைக்கிறேன். பெரிய சங்கங்களில் இதில் பத்திலொரு பங்கு மனச்சாட்சியையும் நான் கண்டது அரிது. 1973 இல் உருவான பிரித்தானிய டார்ட்ஸ் அமைப்பு இருபது ஆண்டுகளிலே இரண்டாகப் பிளந்தது. மூல அமைப்பு 2020 இல் மூடப்பட்டது. நம்மவர் சங்கங்களை அறிந்த வாசகர்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

பப் லீக்குகள் தேய்வதற்குப் பல காரணங்கள் கூறுவர்: 2007 ஜூலையில் வந்த புகைத்தல் தடை, பல்பொருள் அங்காடிகளின் மலிவு பியர், நிலத்தின் விலை. எல்லாம் உண்மையே. 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த பிரித்தானியப் பப்கள் இன்று 45,000 அளவில் உள்ளன. லிட்லர்கூடப் பப்பில் அன்றி, சென் ஹெலன்ஸ் நகரின் சிறுவர் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தவர். ஆனால் ஒரு லீக் எந்த இரவில் இறக்கிறதென்று கேட்டால், 'இனி என்னால் இயலாது' என்று செயலாளர் கூறி, எவரும் கை உயர்த்தாத அந்த ஆண்டுக் கூட்டத்தில்தான் என்பேன். அவருடைய லீக் 2017 இல் அப்படித்தான் முடிந்தது. பன்னிரண்டு அணிகளுக்கு ஆள் இருந்தனர். தாள் சேகரிக்க ஒருவர் இல்லை.

இதில் எங்கள் தொழிலுக்கும் ஒரு பங்குண்டு. டார்ட்ஸை நாடறியச் செய்தவற்றுள் ஒரு பத்திரிகையும் உண்டு. 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' 1927 இல் இலண்டன் வட்டாரத்தில் தொடங்கிய போட்டி, போரின் பின் தேசியப் போட்டியாகி, சாதாரண பப் ஆட்டக்காரர் படிப்படியாக மேலேறி அலெக்சாண்ட்ரா மாளிகை மேடைவரை வரக்கூடிய பாதையாக விளங்கியது. 1990 இல் அது நின்றது. 1997 இல் ஒருமுறை மட்டும் மீண்டது. அந்தப் பத்திரிகையே 2011 இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலால் மூடுண்டது.

இவற்றிலும் முக்கியம் உள்ளூர் வாரப் பத்திரிகைகள். லீக் முடிவுகளும், 180 எறிந்தவர் பெயரும், உயர்ந்த எண்ணில் ஆட்டத்தை முடித்தவர் பெயரும் மிகச் சிறிய எழுத்தில் ஒரு பத்தியாக வரும். செயலாளர் அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டிய கொப்பிகளை எனக்குக் காட்டினார். ஒரு வாரம் அறிவித்தலின்றி அந்தப் பத்தி நின்றுபோனதாம். தொலைபேசியில் கேட்டபோது, இடமில்லை என்றார்களாம்.

அந்தப் பதிலை நானே பலமுறை கூறியிருக்கிறேன். துணை ஆசிரியராக இருந்த காலத்தில், ஊர்க் கழகமொன்றின் கரம் போட்டி முடிவுகளை நீலமையில், அழகான கையெழுத்தில் எழுதி வாராவாரம் அனுப்பும் ஒருவர் இருந்தார். விளம்பரம் வந்தால் முதலில் வெட்டுப்படுவது அவருடைய எட்டு வரிகள்தான். ஒரு தடவை அலுவலகத்துக்கே வந்து, கோபமில்லாமல், 'தம்பி, வென்ற பெடியன்ர பெயரையாவது போடுங்கோ' என்றார். போடுகிறேன் என்றேன். அன்று பின்னேரம் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது.

முதியவரின் கொப்பிகள் ஒன்பது. கடைசிக் கொப்பியில் பாதிக்குமேல் வெறுந்தாள்.