கடனுக்கு முன் புகையைப் பாருங்கள்

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. கொல்கத்தாவில் வணிக வாகனங்களுக்கு 15 ஆண்டு வரம்பும் உண்டு. எஞ்சியுள்ள மஞ்சள் அம்பாசிடர் டாக்ஸிகளின் காலம் சிறிதே. டீசல் எஞ்சின் குலுங்கி இழுவை குறைந்ததும், எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்கக் கடன் கேட்டு உரிமையாளர்கள் எங்களிடம் வருகின்றனர். அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

கரும்புகை வந்தால் முதலில் காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டர்களையும் சோதியுங்கள். புகையின்றி இழுவை மட்டும் குறைந்தால், டீசல் வடிகட்டியில் அடைப்போ எரிபொருள் குழாயில் காற்றுக் கசிவோ இருக்கலாம். நீலப்புகை தொடர்ந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அப்போதும் கம்ப்ரஷன் சோதனைக்குப் பின்னரே எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

பெரும் பழுதே எனத் தெளிந்தாலும், கடன் தவணைகள் வாகனத்தின் 15ஆம் ஆண்டுக்குள் முடியட்டும். ஓடாத வண்டிக்குத் தவணை கட்டுவது இருமடங்கு நட்டம்.