எந்தக் கால்டுவெல்லை மேற்கோள் காட்டுகிறீர்கள்?

திருவனந்தபுரத்தில் அண்மையில் ஒரு கருத்தரங்கு. மலையாளம் தமிழினின்று கிளைத்ததா என்னும் அமர்வில் வாசிக்கப்பட்ட கட்டுரைகள் எல்லாம் கால்டுவெல்லைச் சான்றுக்கு அழைத்தன. அடிக்குறிப்புகளில் ஆண்டு 1856. பக்க எண்களோ 1913ஆம் ஆண்டுப் பதிப்பினுடையவை. இதனைச் சுட்டியபோது, "பதிப்பு மாறினால் கருத்து மாறிவிடுமா?" என்று அமர்வின் தலைவர் நகைத்தார்.

மாறிவிடும், ஐயா. 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை 1875இல் பெரிதும் விரித்துக் கால்டுவெல்லே இரண்டாம் பதிப்பாக்கினார். 1891இல் கொடைக்கானலில் மறைந்தார். மூன்றாம் பதிப்பு அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, அவருடைய மருமகன் வயட்டும் இராமகிருஷ்ண பிள்ளையும் திருத்தியது. பறையர் திராவிடரா என ஆராயும் பின்னிணைப்பும், திராவிடரின் பழஞ்சமயம், உடலமைப்பு பற்றிய பகுதிகளும் அதில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக மறுபதிப்பு அதனையே பின்பற்றியது. நாம் பயின்றதும் அதுவே. ஒலியும் உருபும் எஞ்சின. அம்மொழிகளைப் பேசியோர் யாவர் என்னும் வினா அகன்றது. அவ்வினாவில் நின்றவர்கள் ஒடுக்கப்பட்டோர் என்பதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் இயலவில்லை.

புகழ்வோர் மறைக்கும் பக்கம் வேறொன்றும் உண்டு. 1838இல் இலண்டன் மிஷன் ஊழியராய் வந்து, 1841இல் ஆங்கிலிகன் குருவாகி இடையன்குடியில் அமர்ந்த அதே மனிதர், 1849இல் தம் சபையினரான நாடார்களைத் தாழ்த்தி, இலங்கையிலிருந்து வந்தேறியோர் என ஒரு நூல் எழுதினார். அச்சமூகத்தின் எதிர்ப்பு அந்நூலைத் திரும்பப் பெறச் செய்தது. 1877இல் உதவிப் பேராயரானவரின் வரலாற்றில் இது அடிக்குறிப்பாகவேனும் இடம்பெற வேண்டாமா?

இதைச் சொன்னதும், "திராவிடக் கொள்கையே பாதிரியின் சூழ்ச்சி" என்று துள்ளுவோருக்கும் ஒரு சொல். தென்மொழிகள் சமஸ்கிருதத்தின் வழிவந்தவை அல்ல என 1816இலேயே எழுதிய எல்லிஸ் பாதிரியல்லர்; சென்னையின் கலெக்டர். இதே நகரில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தில் தமிழைப் பிற தென்மொழிகளின் தாயாக வாழ்த்தியது எந்தத் திருச்சபையின் கட்டளை?

1875ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. என் ஆய்வேட்டின் முதல் இயலிலும் இதே பிழை இருந்தது. சென்ற வாரம் நெறியாளரிடம் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.